புறம்போக்கில் ஒரு மாடு: காப்பார்ப் பக்கத்துக் கானுக்குள் இறங்கிப் போர்நூல் கேட்ட காலை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போய், அங்கிருந்து காப்பாரைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துக் கானுக்குள் இறங்கி நின்றுவிட்டு வந்தேன். கான் என்பது இந்த எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் தண்ணீர் வடிய வெட்டும் ஆழமான வாய்க்கால். எழுபத்து நான்கு வயதில் இதெல்லாம் எதற்கு என்று என் மகன் கேட்டான். அவனிடம் காற்றாடப் போய்வருகிறேன் என்றேன். இதே பயணத்துக்குக் கிளம்பவிருக்கும் உங்களிடம் உண்மையைச் சொல்வதில் தவறில்லை. பொறாமையால் போனேன்.

முதலில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்த ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் எழுதிய நினைவு நூல் அது. அவர் படைத்தலைவரும் அல்லர், வீரப்பதக்கம் வாங்கியவரும் அல்லர். ஈரமான காலுறை, எலி, ஆறிப்போன தேநீர், பக்கத்தில் நின்றவனின் இருமல் இவற்றைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். என் கணவர் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதை வாங்கினார். மாலை நேரங்களில் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். நான் நீதிமன்றத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். ஓய்வு பெற்றதும் அதைத் தமிழில் கொண்டுவரத் தொடங்கினேன். முடித்தேன். திருத்தினேன். மறுபடி திருத்தினேன். "போதும் லோகா, போர் முடிஞ்சு நூறு வருஷமாச்சு," என்று அவர் சொல்வார். அவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் இன்னும் திருத்திக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு காரியம் நடந்தது. கான்வெண்டில் என்னோடு படித்த பாக்கியவதியைப் பழைய மாணவிகள் விருந்தொன்றில் சந்தித்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கிள்ளான்காரி. ஆங்கிலத்தில் நான் முதல், அவள் இரண்டாவது. தமிழில் அவள் முதல், நான் இரண்டாவது. பேச்சுவாக்கில் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனாள். அட்டை கெடாமல் செய்தித்தாளில் சுற்றித் திருப்பியும் கொடுத்தாள். அடுத்த ஆண்டு அவளுடைய தமிழ் மொழிபெயர்ப்பு அச்சாகி வந்துவிட்டது. முன்னுரையில் 'இந்நூலை எனக்கு அறிமுகம் செய்த தோழிக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. தோழிக்குப் பெயர் இல்லை.

புத்தகம் விற்றுத் தீர்ந்து இப்போது இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போய், நிஜக் கானுக்குள் நிறுத்தி, அதிலிருந்து வாசித்துக் காட்டுகிறாள். அம்பாங்கிலிருந்தும் சிரம்பானிலிருந்தும்கூட ஆட்கள் வருகிறார்களாம். என் கையெழுத்துப் படியோ அலமாரியில் கிடந்தது. செந்தூலில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர், அச்சுக்குக் கொடுக்கிறீர்களா இல்லையா, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். ஒரே நூலுக்கு இரண்டு தமிழ் தேவையா? அவளுடையதைவிட என்னுடையது மேல் என்று உறுதியானால் கொடுப்பது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். உறுதிசெய்துகொள்ளத்தான் போனேன். கைப்பையில் என் படியிலிருந்து ஓர் அத்தியாயத்தையும், பென்சிலால் பிழை குறித்த அவளுடைய புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

இனி வழி. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு இது மிகச் சுலபம். கே.எல். சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறுங்கள். நான் காலை ஆறே முக்கால் வாக்கில் புறப்பட்ட வண்டியைப் பிடித்தேன். முதியோருக்குப் பாதிக் கட்டணம், ஏறக்குறைய இரண்டு ரிங்கிட்தான். மகளிர் பெட்டி நடுவில் இருக்கும், அங்கே காலையில் இடம் கிடைக்கும். பெட்டிக்குள் குளிர் அதிகம், சால்வை கொண்டு போங்கள். சுபாங் ஜெயா வரை பிழைகளை மறுபடி எண்ணினேன். ஷா ஆலம் தாண்டும்போது ஒரு பிழைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெண் காதிலிருந்த கருவியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பிழையைச் சொல்கிறேன். இரவில் எதிரியின் நடமாட்டத்தைப் பார்ப்பதற்காகத் துப்பாக்கியால் வானில் சுடும் ஒளிவெடி ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவரின் பெயராலேயே அதற்கு வெரி லைட் என்று பெயர். நம் பாக்கியம் அதை வெறும் ஆங்கிலமாக எடுத்துக்கொண்டு, 'அப்போது மிகவும் லேசான ஒன்று வானில் ஏறியது' என்று எழுதியிருக்கிறாள். புத்தகம் முழுக்க மிகவும் லேசான ஒன்று ஏறிக்கொண்டே இருக்கிறது. என்னைப் போல் அகராதியைப் புரட்டியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

ஒரு மணி நேரத்துக்குள் கிள்ளான் வந்துவிடும். நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். வேன் புறப்படும் இடம் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை வாசல்தான். கட்டணம் நாற்பத்தைந்து ரிங்கிட், அதில் காலைப் பசியாறலும் அடக்கம். தோசை நன்றாக இருந்தது. தேநீர் சீனியில்லாமல் வேண்டுமென்றால் 'தே ஓ கோசோங்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான் சொல்லியும் கடைக்காரர், "கொஞ்சமாச்சும் சீனி போடவா ஆன்டி, மூஞ்சி ரொம்ப டென்ஷனா இருக்கு," என்றார்.

பாக்கியம் ஒரு பழைய சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, வேன் கதவில் சாய்ந்து நின்றாள். சுற்றிலும் ஆட்கள். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினாள்.

"வாங்க கோர்ட்டம்மா! அதென்ன சேலையில வந்திருக்க? கானுக்குள்ள போகணும்னு போஸ்டர்ல அவ்ளோ பெருசா போட்டிருந்தேனே லா."

"போஸ்டர்ல 'கானுக்குள் இரங்கி'ன்னு சின்ன ர போட்டிருந்த பாக்கியம். இரக்கப்படத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சேன்."

"அதுக்கும் சேத்துத்தான் கூப்பிட்டேன்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னுடையது ரயிலில் ஒரு மணி நேரம் யோசித்து வைத்திருந்த வாக்கியம். அவள் பதிலுக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வேன் ஓட்டியவர் ராணுவத்தில் எல்லைக் காடுகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைச் சார்ஜன் என்றே கூப்பிட்டார்கள். என்னை முன்னிருக்கையில் உட்காரவைத்தார். ஆற்றுப் பாலத்தைக் கடந்து, மேரு, காப்பார் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சனிக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் ஆகும், கொள்கலன் லோரிகள் குறுக்கே வந்தால் ஒரு மணி நேரம். காப்பாரில் எண்ணெய் நிலையத்தில் நிறுத்துவார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் அங்கேயே போய்விடுங்கள், தோட்டத்தில் வசதி கிடையாது.

"நீங்க எத்தன தடவ இந்தப் புத்தகத்தக் கேட்டிருக்கீங்க சார்ஜன்?" என்று கேட்டேன்.

"எல்லா ட்ரிப்பும் நான்தானே மேடம் வண்டி. எனக்கே பாதி மனப்பாடம்."

"சலிக்கலையா?"

"எப்படிச் சலிக்கும்? நாங்க காட்டுல இருந்தப்ப சண்ட போட்டதெல்லாம் கொஞ்ச நேரந்தான் மேடம். மிச்ச நாளெல்லாம் கால் புண்ணு, மழ, வெறும் கிச்சாப் சாஸ் ஊத்துன சோறு. இந்த வெள்ளக்காரன் ஒருத்தன்தான் அத எழுதியிருக்கான். வேற யார் புக்க எடுத்தாலும் டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டே இருக்கான்."

ஆங்கில மூலத்தின் சிறப்பைப் பற்றி நான் மூன்று பக்கத்தில் எழுதியிருக்கும் முன்னுரை அவ்வளவுதான் சொல்கிறது. அதையும் அவள் ஆள் சொல்லிவிட்டார்.

தோட்டம் பாக்கியத்தின் தம்பி மகனுக்குச் சொந்தமானது, சிறியது. ரப்பர் பூட்ஸ் அவர்களே தருகிறார்கள், உங்கள் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சுற்றுப் பெரியது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டேன். கான்வெண்டில் நெட்பால் ஆடியவளுக்கு இதில் ஒரு கூச்சமும் இல்லை. கானுக்குள் போக மரப்படி வைத்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளக் கயிறும் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள்.

உள்ளே தோள் உயரத்துக்கு மண் சுவர். கறுத்த கரிமண், அதில் செம்பனை வேர்கள் நூல்நூலாகத் தொங்குகின்றன. கணுக்கால் அளவு தண்ணீர், தேநீர் நிறத்தில். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான். மேலே பார்த்தால் மட்டைகளுக்கு நடுவில் ஒரு கீற்று வானம். "தலைய நீட்டாதீங்க, ஸ்னைப்பர் பாத்துக்கிட்டு இருக்கான்!" என்று சார்ஜன் மேலே நின்று கத்தினார். பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டே குனிந்தோம். நானும் குனிந்தேன். குனிந்த பிறகுதான் என் மேல் எனக்கே கோபம் வந்தது.

பாக்கியம் நடுவில் நின்று வாசித்தாள். எந்தப் பக்கத்தை எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். இரு படைகளின் குழிகளுக்கும் இடையே ஒரு துண்டு நிலம் இருக்கும். இரண்டு பக்கமும் அதற்காகத்தான் சாகும், இரண்டு பக்கத்துக்கும் அது சொந்தமில்லை. ஒரு விடியற்காலையில் அங்கே எங்கிருந்தோ வந்து ஒரு மாடு நிற்கும். அந்த நிலத்துக்கு ஆங்கிலத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் உண்டு, தமிழில் இல்லை. நான் அதற்காக மாதக்கணக்கில் அலைந்து, 'எவர்க்கும் உரித்தல்லாத நிலப்பரப்பு' என்று வைத்திருந்தேன். அவள் வாசித்தது இது:

'பொழுது விடிந்தது. புறம்போக்கில் ஒரு மாடு நின்றது. அது எங்கள் மாடு இல்லை. அவர்கள் மாடும் இல்லை. அத்தனை பேரில் யாருக்கும் வேண்டாத இடத்தில் போய் நிற்கிற புத்தி அதற்கு மட்டும்தான் இருந்தது.'

கானுக்குள் சிரிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. எனக்குப் பின்னால் இருந்தவர், "நம்ம பக்கமா இருந்தா முனிசிபல்காரன் லோரியில ஏத்தியிருப்பான் டீச்சர்!" என்றார். மறுபடி சிரிப்பு. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம்மவர்கள், பட்டா இல்லாத நிலங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டு, மாடும் கோழியும் வளர்த்து இருந்த இடங்களைப் புறம்போக்கு என்றுதான் சொல்வார்கள். அதைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

பாக்கியம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து மேலே போனாள். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் மாட்டைக் கூப்பிடுகிறார்கள், அவரவர் ஊரில் மாட்டைக் கூப்பிடும் சத்தத்தில். போருக்குமுன் பால்பண்ணையில் இருந்த ஒருவன், மடி கட்டிப்போய் அது கத்துவதைக் கேட்டு அழுகிறான். மூன்றாம் நாள் பீரங்கிச் சத்தம் ஓய்ந்தபின் பார்த்தால் அது விழுந்து கிடக்கிறது. 'எந்தப் பக்கத்துக் குண்டு என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை' என்று முடித்தாள். தண்ணீரில் யாரும் காலை அசைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண், சுமதி என்று பெயர், கிள்ளானில் தாதியாக இருக்கிறாள், மண்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நான் பேசினேன்.

"ஒரு திருத்தம். புறம்போக்குன்னா யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு அர்த்தம் கிடையாது. அது அரசாங்க நிலம். அதுக்குச் சொந்தக்காரன் இருக்கான். கோர்ட்டுல இந்த வார்த்தைய நான் எத்தனையோ தடவ மொழிபெயர்த்திருக்கேன்."

சுமதி திரும்பிப் பார்த்தாள். "இருக்கலாம் ஆன்டி. வீட்ட இடிக்க வந்த அன்னிக்குத்தான் அந்தச் சொந்தக்காரர நாங்க பாத்தோம்."

நல்ல பதில். நான் விடவில்லை. பக்கத்தைத் திருப்பி அந்த ஒளிவெடியைக் காட்டினேன். சார்ஜன் மேலே இருந்தபடியே, "ஆமா டீச்சர், மேடம் சொல்றது கரெக்ட். ஃப்ளேர் அது. நாங்களும் அடிச்சிருக்கோம்," என்றார்.

பாக்கியம் புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, இத்தன நாளா என்னத்தடா மேல ஏத்திக்கிட்டு இருந்தேன்? ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"நான் உயிருன்னு நெனச்சேன் டீச்சர்," என்றார் பின்னால் இருந்தவர். "செத்தவன் உயிர் மேல போகுதுன்னு."

"நானும் அப்படித்தான்," என்றாள் சுமதி. "எனக்கு அந்த எடந்தான் ரொம்பப் புடிக்கும். தயவுசெஞ்சு மாத்திடாதீங்க."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவளுடைய ஆகப் பெரிய பிழையைக் கண்டுபிடித்துக் காட்டினேன், அது அவளுடைய ஆகச் சிறந்த வரியாகிவிட்டது.

"லோகா கிட்டயும் ஒரு தமிழ் இருக்கு," என்றாள் பாக்கியம். "இந்தப் புத்தகத்த எனக்குக் குடுத்ததே அவதான். பையில வெச்சிருப்பா, எனக்குத் தெரியும். படி லோகா. அதே மாடு, நீ படி."

நான் படித்தேன். எனக்குக் குரல் நன்றாக வரும், பள்ளியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள். 'எவர்க்கும் உரித்தல்லாத அந்நிலப்பரப்பில் பசுவொன்று நின்றுகொண்டிருந்தது.' ஒரு புணர்ச்சி பிசகவில்லை, மூலத்தின் ஒரு சொல் விடுபடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். தவளை கத்தியது. முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், பூட்ஸுக்குள் தண்ணீர் போன காலோடு நிற்பவர்கள் எவ்வளவு தட்டுவார்களோ அவ்வளவு.

"ரொம்பச் சுத்தமா இருக்கு ஆன்டி," என்றாள் சுமதி. அவள் நல்ல பெண், புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. "ரேடியோவுல நியூஸ் கேட்ட மாதிரி."

மேலே ஏறினோம். சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தார்கள். நான் வேனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே போய்க் கால் கழுவினேன். எனக்கு விஷயம் தெளிவாகியிருந்தது. அந்த ஒரு சொல் இல்லாமல் என் புத்தகத்தை அச்சிட்டால், அந்தப் பக்கத்தில் தவளைதான் கத்தும். பாக்கியம் ஒரு வாளியோடு வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். கேட்டுவிட்டேன்.

"பாக்கியம், அந்தப் புறம்போக்க நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கிட்டு?"

"என் புத்தகத்துல வெக்கணும். அச்சுக்குப் போகுது."

அவள் விரல் இடுக்கில் இருந்த சேற்றை நிதானமாகத் தேய்த்தாள். "முடியாது லோகா."

"அகராதியில கெடக்குற சொல்லுதானே. யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் சொந்தமில்லன்னா எங்கிட்ட ஏன் கேக்குற? நீதானே இப்ப சட்டம் பேசின, புறம்போக்குக்கும் சொந்தக்காரன் இருக்கான்னு?"

நீதிமன்றத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தவளை என் வாக்குமூலத்தாலேயே கட்டிப்போட்டாள்.

"வேற எது வேணும்னாலும் எடுத்துக்க," என்றாள். "பிழையெல்லாம் திருத்திக் குடு, ரெண்டு பேர் பேரையும் போட்டே அடுத்த பதிப்பு போடலாம். அது மட்டும் கேக்காத. கான்வெண்டுல சிஸ்டர் அட்ரஸ் கேட்டா நான் பிரிக்பீல்ட்ஸ் மாமா வீட்டு அட்ரஸத்தான் சொல்லுவேன். ஞாபகம் இருக்கா? நான் எங்கேருந்து வந்தேன்னு உனக்குக்கூடத் தெரியாது. ஸ்கூல் முடியற வரைக்கும் அந்த வார்த்தைய நான் வாயில வெக்கல. இப்பதான் தைரியமாச் சத்தமாச் சொல்றேன், அதுவும் ஒரு வெள்ளக்காரன் பேரச் சொல்லிக்கிட்டு."

"நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல ஒக்காந்திருந்தோம்."

"ஆமா. ஒன் ஷூ எப்பவும் காஞ்சிருக்கும். நான் அதத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்." வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை என் கால்மேல் ஊற்றினாள். "வா, சோறு ஆறிடும்."

இரண்டு பெயர் போடும் யோசனைக்கு நான் பதில் சொல்லவில்லை. அகரவரிசையில் பா முதலில் வரும், லோ கடைசியில் வரும். தமிழ் வகுப்பின் வருகைப் பதிவிலும் அப்படித்தான்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பொதுவாக மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வேன் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். அந்த ஒரு மணி நேரமும் நான் நினைத்துக்கொண்டே வந்தது, ஐந்து வயதிலிருந்து காய்ந்த காலணி போட்டவள் எதை எங்கே ஒளித்து வைத்திருக்க முடியும் என்பதைத்தான். அவளிடம் வெட்கப்பட்டு மறைத்த ஒரு சொல் இருந்தது, அது உள்ளே ஊறி ஊறி ஒரு நாள் ஒரு மாட்டை நிற்கவைத்தது. என்னிடம் இருந்த எல்லாச் சொற்களும் பரிசாக வந்தவை. அவள் வறுமையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாயா என்று என் கணவர் கேட்டிருப்பார். ஆமாம் என்றே சொல்லியிருப்பேன், அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

நூறு ஆண்டு கழித்தும் அந்தச் சிப்பாயை ஏன் வாசிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜன் சொன்னது பாதி. மீதி, பாக்கியம் கானுக்குள் ஒருபோதும் வாசிக்காத ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது. அவருடைய ஆப்த நண்பனுக்குக் காலில் குண்டடி படும். சாகும் காயமில்லை, ஊருக்கு அனுப்பிவைக்கும் காயம். தூக்கிக்கொண்டு போகும்போது சிப்பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். சோகத்தால் அல்ல, அந்தக் குண்டு தன்மேல் பட்டிருக்கக் கூடாதா என்ற பொறாமையால். எல்லாப் போர்நூல்களிலும் பயம் இருக்கும், துணிவு இருக்கும். இதை ஒருவர் தன் பெயரைப் போட்டு எழுதி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த அத்தியாயத்தில் அவளுடைய தமிழ் சப்பென்று இருக்கிறது. என்னுடையதை ரயிலிலேயே எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. கானுக்குள் நான் மாட்டை விட்டுவிட்டு இதைப் படித்திருக்க வேண்டும். அவள் அதே மாடு என்று சொன்னதும் அவள் மாட்டையே பிடித்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குக் கடைசியாகச் சில. மழைக்காலத்தில் கானுக்குள் விடமாட்டார்கள், முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கொசுத்தைலமும் இரண்டு ஜோடிக் காலுறையும் கட்டாயம். சேலை வேண்டாம். புத்தகம் முப்பத்தைந்து ரிங்கிட், வேனிலேயே கிடைக்கும், வாங்குங்கள். பிழைகளைத் திருத்திக்கொண்டு படிப்பது உங்கள் பாடு. 'மிகவும் லேசான ஒன்று' வானில் ஏறும் இடங்களில் மட்டும் திருத்தாமல் படியுங்கள். இதை நான் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை செந்தூல் அச்சகத்தாரை அழைத்தேன். கொடுக்கிறேன் என்றேன். ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தயார் என்றும் சொன்னேன்.

"ஒரு வார்த்தைக்காகவா மேடம் மெஷின நிறுத்தி வெக்கச் சொல்றீங்க?"

"ஆமாம்."

ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு படைகளுக்கு நடுவே, இருவருக்கும் இல்லாமல், ஒரு மாடு வந்து நிற்கக்கூடிய நிலத்துக்கு உங்கள் வீட்டில், உங்கள் தோட்டத்தில், நீங்கள் வெளியே சொல்லக் கூசிய ஏதாவது ஒரு பெயர் இருந்திருந்தால், கிள்ளானில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கீழே பின்னூட்டத்தில் எனக்கு எழுதுங்கள்.